நட்சத்திரம் விலகினால் குழு வீழுமா?

ஒரு காற்பந்துக் குழு தன் முன்னணி ஆட்டக்காரரை விட்டுக்கொடுத்துவிட்டால், அந்த ஊர் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. "கேட்ட சம்பளத்தைக் கொடுத்திருக்கலாமே" என்று ஒரு தரப்பு நிர்வாகத்தைச் சாடுகிறது. "பணம்தான் பெரிதென்று போய்விட்டான்" என்று மறுதரப்பு ஆட்டக்காரரைத் தூற்றுகிறது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களின் ஒட்டுக்கடைகளில் இந்த வாதம் தேநீர் ஆறிப்போகும் வரை நீள்வதுண்டு. ஆனால், இரு தரப்பினரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உள்ளது. ஒப்பந்தத்தில் எழுதப்படும் தொகையைக் கடைசி மாதம் வரை கொடுக்கும் வசதி அந்தக் குழுவுக்கு உண்டா என்பதே அது.

இக்கேள்வியை மலாக்கா மாநிலம் பட்டறிந்து கற்றிருக்கிறது. மலாக்கா காற்பந்துக்குப் பெருமைமிகு வரலாறு உண்டு. 1983ஆம் ஆண்டு மலேசிய லீக் கிண்ணத்தை வென்றது மலாக்காக் குழுதான். பின்னர்ப் பல ஆண்டுகள் பின்தங்கியிருந்த அக்குழு, 'மலாக்கா யுனைடெட்' என்ற பெயரில் எழுச்சி பெற்றது. 2016இல் பிரிமியர் லீக் வெற்றியாளராகி, மறு ஆண்டு சூப்பர் லீக்கில் கால் பதித்தது. 2019இல் தேசியக் குழுவின் முன்னாள் தலைவர் சாஃபிக் ரஹிமும், கிளந்தான் குழுவின் புகழ்பெற்ற கோல்காவலர் கைருல் ஃபாமி சே மாட்டும் மலாக்காவின் சீருடையை அணிந்தனர். குருபோங்கில் உள்ள 40,000 இருக்கைகள் கொண்ட ஹங் ஜெபாட் அரங்கில் உற்சாகம் பொங்கியது.

அந்த உற்சாகம் நிலைக்கவில்லை. சாஃபிக் ரஹிம் ஜொகூருக்குத் திரும்பினார். கைருல் ஃபாமி சபா குழுவுக்குச் சென்றார். குழுவைச் சம்பள பாக்கி சூழ்ந்தது. அதற்குத் தண்டனையாக லீக் புள்ளிகளும் வெட்டப்பட்டன. இறுதியாக, 2023ஆம் ஆண்டுக்கான சூப்பர் லீக் உரிமம் மலாக்கா யுனைடெட்டுக்கு மறுக்கப்பட்டது. சரவாக் யுனைடெட்டும் அதே கதிக்கு ஆளானது. அவ்வாண்டு 14 குழுக்களே களமிறங்கின. மலாக்காவை லீக்கிலிருந்து வெளியேற்றியது எதிரணியின் கோல் அன்று, கொடுக்கப்படாத சம்பளமே.

இந்நிகழ்விலிருந்து முதலில் உணர வேண்டியது, சம்பளம் நின்றுபோனால் யார் அதிகம் பாதிக்கப்படுகிறார் என்பதாகும். நட்சத்திர ஆட்டக்காரர் பிழைத்துக்கொள்வார். அவருடைய பெயரை அறிந்த வேறு குழு அவரை அழைத்துக்கொள்ளும். மாற்று ஆட்டக்காரராக அமர்ந்திருக்கும் இருபது வயது இளைஞருக்கோ அந்த வாய்ப்பு இல்லை. குழுவின் பேருந்து ஓட்டுநர், திடலைப் பராமரிப்பவர், சீருடைகளைத் துவைத்து அடுக்குபவர் ஆகியோரின் பெயர்கள் நாளிதழ்களில் வருவதில்லை. வீட்டு வாடகையும் மோட்டார் சைக்கிள் தவணையும் அவர்களுக்காகக் காத்திருப்பதுமில்லை. ஆக, தாங்க முடியாத சம்பளத்துக்கு ஒரு நட்சத்திரத்தை ஒப்பந்தம் செய்யும் நிர்வாகம், உண்மையில் இந்த எளியவர்களின் வயிற்றை அடகு வைத்தே அதைச் செய்கிறது.

இதனால், அதிகச் சம்பளம் கேட்பதே தவறு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. 1970ஆம் ஆண்டுகளில் நாட்டுக்காக ஆடியவர்கள் பெரும்பாலும் அலுவலகங்களில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பயிற்சி செய்தார்கள். 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவில் 'ஸ்பைடர்மேன்' என்று போற்றப்பட்ட கோல்காவலர் ஆர். ஆறுமுகமும் அத்தலைமுறையைச் சேர்ந்தவரே. அன்று விளையாட்டு வேறு, பிழைப்பு வேறு. 1989இல் பகுதிநேரத் தொழில்முறையும் 1994இல் முழுநேரத் தொழில்முறையும் வந்த பிறகு விளையாட்டே பிழைப்பாயிற்று. ஆட்டக்காரரின் தொழில் காலம் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள்தாம். முழங்காலில் ஒரு காயம் பட்டால் அதுவும் சுருங்கிவிடும். மற்றவர்கள் அறுபது வயது வரை ஈட்டுவதை அவர் முப்பத்தைந்துக்குள் ஈட்ட வேண்டியுள்ளது. தம் உழைப்புக்குரிய விலையைக் கேட்பது அவருடைய உரிமை. அந்த விலை கட்டுப்படியாகாது என்று மறுப்பது குழுவின் உரிமை. இரண்டிலும் துரோகம் இல்லை. கொடுப்பதாகக் கையொப்பமிட்டுவிட்டுக் கொடுக்காமல் இருப்பதுதான் துரோகம். இரண்டு மாதச் சம்பளம் கிடைக்காத ஆட்டக்காரர், பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்துத் தம் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்று அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் விதியே இடமளிக்கிறது.

கணக்கு எளியதுதான். ஒரு குழுவின் ஆண்டு வருமானம் ஆறு மில்லியன் ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் பணியாளர்களும் அதிலிருந்தே ஊதியம் பெற வேண்டும். பயணம், தங்குமிடம், மருத்துவம், இளையோர் பயிற்சி ஆகியவற்றுக்கும் அதிலிருந்தே ஒதுக்க வேண்டும். இந்நிலையில் ஒருவருக்கு மட்டும் மாதம் ஒரு லட்சம் ரிங்கிட் கொடுத்தால், ஐந்தில் ஒரு பங்கு ஒரே வீட்டுக்குச் சென்றுவிடும். 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்று முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் அந்த ஆட்டக்காரரை வேறு குழுவுக்கு மாற்றினால், மாற்றுத் தொகையாவது கிடைக்கும். 1995ஆம் ஆண்டு ஐரோப்பாவில் வழங்கப்பட்ட போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் கட்டணமின்றி வேறு குழுவில் சேரும் வழக்கம் பரவியது. ஆகவே, உரிய காலத்தில் விட்டுக்கொடுப்பது கோழைத்தனம் அன்று. அது குடும்பம் நடத்தத் தெரிந்தவரின் விவேகம்.

இந்நிலை சிறிய குழுக்களுக்கு மட்டும் உரியதன்று. உலகின் செல்வம் மிகுந்த குழுக்களுள் ஒன்றான பார்சிலோனா, சிறுவயதிலிருந்தே தன்னிடம் வளர்ந்த லியோனல் மெஸ்ஸியை 2021 ஆகஸ்டில் இழந்தது. அவர் தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டிருந்தார். எனினும், பல ஆண்டுகளாக வருவாய்க்கு மீறிச் செலவு செய்து கடனில் மூழ்கியிருந்த அக்குழுவால், ஸ்பானிய லீக்கின் சம்பள வரம்புக்குள் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. மெஸ்ஸி கண்ணீருடன் விடைபெற்றார். பார்சிலோனாவுக்கே கடன் அந்த நாளைக் கொண்டுவந்தது என்றால், ஒரு மாநிலக் குழு எம்மாத்திரம்?

"நட்சத்திரம் இல்லாவிட்டால் அரங்குக்கு யார் வருவார்?" என்று சிலர் கேட்கக்கூடும். இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. பெயர் பெற்ற ஆட்டக்காரர் நுழைவுச்சீட்டு விற்பனையை உயர்த்துகிறார், விளம்பரதாரர்களை ஈர்க்கிறார், சிறுவர்களுக்குக் கனவைத் தருகிறார். ஆயினும், லீக்கிலிருந்தே நீக்கப்பட்ட குழுவின் ஆட்டத்தைக் காண ஒருவரும் வர முடியாது. ஓர் ஆண்டின் ஆரவாரத்துக்காகப் பல ஆண்டுகளை இழப்பது இலாபமாகாது.

மலாக்காத் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தமிழர்களுக்குக் கூலியின் அருமையை எவரும் கற்பிக்கத் தேவையில்லை. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, செக்ரோலில் பதிந்த நாள்களுக்கு மட்டுமே சம்பளம் வாங்கிய தலைமுறை அது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. உழைத்த நாளுக்குரிய கூலி குறையாமல் கைக்கு வர வேண்டும் என்பதற்காகவே அவர்கள் சங்கம் அமைத்தார்கள். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அத்தகையோரின் பேரப்பிள்ளைகள், சம்பளம் கேட்கும் ஆட்டக்காரரைப் பேராசைக்காரர் என்று எளிதில் ஏசிவிடலாகாது. கொடுக்க இயலாததைக் கொடுப்பதாகச் சொல்லும் நிர்வாகத்தைக் கைதட்டி வரவேற்கவும் கூடாது.

அப்படியானால், செய்ய வேண்டியவை யாவை? முதலாவதாக, ஒவ்வொரு குழுவும் பருவம் தொடங்கும் முன்பே தன் வரவு செலவை ஆதரவாளர்களுக்கு வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும். இரண்டாவதாக, பணத் தட்டுப்பாடு நேர்ந்தால் குறைந்த சம்பளம் பெறுவோருக்கே முதலில் ஊதியம் வழங்க வேண்டும். ஊழியர் சேமநிதிச் சந்தாவும் தவறாமல் செலுத்தப்பட வேண்டும். மூன்றாவதாக, நட்சத்திரத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை இளையோர் பயிற்சிக்குத் திருப்ப வேண்டும். டுரியான் துங்காலிலும் பாயா ரும்புட்டிலும் பள்ளித் திடல்களில் பந்தை உதைக்கும் மாணவர்களிடையே நாளைய ஆட்டக்காரர் இருக்கக்கூடும். அவரைத் தேடிச் செல்லும் பயிற்றுநர்தான் இல்லை. காற்பந்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் இளைஞர்களும் பந்தை அடக்கப் பழகுவதோடு நின்றுவிடாமல், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ளப் பழக வேண்டும்.

2025/2026ஆம் பருவத்தில் மலாக்கா எஃப்சி என்ற குழு சூப்பர் லீக்கில் அடியெடுத்து வைத்தது. பேராக், ஸ்ரீ பகாங் போன்ற பழம்பெரும் குழுக்கள் விலகிக்கொண்ட பருவம் அது. மலாக்காவுக்குக் கிடைத்த இந்த இரண்டாம் வாய்ப்பு வீணாகாமல் இருக்க வேண்டுமானால், ரசிகர்களும் தங்கள் கேள்வியை மாற்றிக்கொள்ள வேண்டும். "இந்த ஆண்டு எந்த நட்சத்திரம் வருகிறார்?" என்பதற்கு முன், "சென்ற மாதச் சம்பளம் எல்லாருக்கும் கிடைத்துவிட்டதா?" என்று கேட்கப்பட வேண்டும். அதற்கு "ஆம்" என்று பதில் சொல்லக்கூடிய குழு, ஒரு நட்சத்திரம் விலகினாலும் வீழாது.