அழுக்கு அல்ல, எச்சரிக்கை!

போன வருஷம் என் மகளின் பின்கழுத்து கறுத்துக் கிடந்தது. "தேய்ச்சுக் குளிக்கக்கூட நேரமில்லையாடி?" என்று திட்டி, பாசிப்பயறு மாவு போட்டு நானே தேய்த்தும் போகவில்லை. காய்ச்சலுக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டரம்மா அதைக் கவனித்து, "இது அழுக்கு இல்லைம்மா. உடம்புல இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னாலும் இப்படிக் கறுக்கும். சர்க்கரை பார்த்துடுங்க" என்றார். வெறும் வயிற்றில் 112! நூறுக்குள் இருக்க வேண்டும். 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்றார். 14 வயதுப் பெண் நடுவில் நிற்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் தப்பு என் மேல்தான். "நீ படி, வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று சாப்பாட்டுத் தட்டைக்கூட அவள் இருக்கும் இடத்துக்கே கொண்டு போனேன். பள்ளி, டியூஷன், செல்போன் என்று நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருந்தாள். நடுவில் பப்ஸ், கூல்டிரிங்ஸ், ராத்திரி பரோட்டா. 300 மில்லி கூல்டிரிங்ஸில் சுமார் ஆறு ஸ்பூன் சர்க்கரை இருக்கிறதாம்! காய்கறி மார்க்கெட் இருக்கும் பரவையில் குடியிருந்தும், அவள் தட்டில் காய் ஒரு கரண்டிதான்.

சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெரும்பாலும் இழுத்துக்கொள்வது தசைகள்தானாம். நடந்தால் அவை வேலை செய்யும். மணிக்கணக்கில் உட்கார்ந்தால் சர்க்கரை ரத்தத்திலேயே தேங்கும்.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 2016-18ல் மத்திய அரசு நாடு முழுதும் எடுத்த ஊட்டச்சத்து கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இப்படி நடுவில் நிற்பது தெரிந்தது. 2025ல் சி.பி.எஸ்.இ., தன் பள்ளிகளில் சர்க்கரையின் கெடுதலைச் சொல்லும் போர்டு வைக்கச் சொன்னது. போர்டு வைத்தால் போதுமா? விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்குவதையும் நிறுத்த வேண்டாமா?

பையன்களாவது தெருவில் பந்து விளையாடுகிறார்கள். பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் "இனி என்ன ஓட்டமும் ஆட்டமும்?" என்று உட்கார வைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

இப்போது ராத்திரி சாப்பிட்டதும் இருவரும் கால் மணி நேரம் நடக்கிறோம். சோறு குறைந்து காய் கூடியிருக்கிறது. பப்ஸுக்குப் பதில் சுண்டல். மூன்று மாதத்தில் 101-க்கு இறங்கியிருக்கிறது.

தாய்மார்களே, "உட்கார்ந்து படி" என்று சொல்லும் நாம், "கொஞ்சம் எழுந்து நட" என்றும் சொல்வோம். பிள்ளையின் கழுத்து கறுத்திருந்தால் திட்டாமல் டாக்டரிடம் காட்டுவோம்.

— ஓர் இல்லத்தரசி, பரவை, மதுரை.