காருக்கடியில் ஒரு திருடன்

2021, 2022-ல் அமெரிக்க நகரங்களில் நடந்த கூத்தைக் கேளுங்கள். பட்டப்பகலில், தெருவோரம் நின்ற கார்களுக்கடியில் புகுந்து, விஷப்புகையை முறிக்கும் பெட்டியைப் புகைக்குழாயோடு ரம்பத்தால் அறுத்தெடுத்தார்கள். இரண்டே நிமிஷம்! 'துணிகரத் திருட்டு' என்று பத்திரிகைகள் அலறின. மறுநாள் வேலைக்குக் கிளம்பிய தொழிலாளிக்கு ஆயிரம் டாலருக்கு மேல் தண்டச் செலவு.

அந்தப் பெட்டியில் அப்படி என்ன இருக்கிறது? பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். 2021-ல் ரோடியத்தின் விலை தங்கத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. அறுத்தவனுக்குக் கிடைத்தது சில நூறு டாலர். (அவனுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை, அவன் ஏழையின் வண்டியையும் விடவில்லை.) மீதி எங்கே போயிற்று? 2022 நவம்பரில் 21 பேரைக் கைது செய்தபோது, வாங்கி விற்ற கூட்டத்திடமிருந்து பறிமுதல் செய்ய அமெரிக்க சர்க்கார் கோரிய தொகை 54 கோடி டாலருக்கு மேல்!

சரி, அந்த உலோகத்தைப் பூமியிலிருந்து தோண்டியவன் யார்? உலகின் பிளாட்டினத்திலும் ரோடியத்திலும் பெரும்பகுதியைத் தருபவன் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளி. மரிக்கானாவில் அவன் மாதம் 12,500 ராண்ட் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தான். 2012 ஆகஸ்ட் 16 அன்று போலீசார் சுட்டார்கள். 34 பேர் மாண்டனர். அவர்கள் கூலியை அமுக்கியவனைத் 'திருடன்' என்று எந்த முதலாளிப் பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்டது?