குலநோய் என்னும் சொல் வேண்டா

முதல் வகை நீரிழிவைப் பற்றிய ஆராய்ச்சி உரைகளைத் தமிழாக்குங்கால், நோய்க்கு இடங்கொடுக்கும் பிறவித் தன்மையைக் ‘குலநோய்’ என்று குறிப்பது தவறென்பது எமது கருத்து. இதனைச் சொற்போர் என எண்ணலாகாது. நோயுற்ற சிறுமியொருத்தியின் மீது அச்சொல் சுமத்தப்படின், அவளது மணவாழ்வும் உடன்பிறந்தாரின் மணவாழ்வும் தடைப்படக்கூடும்.

இந்நோயில் உடலின் தற்காப்பு அணுக்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகின்றன. தன்னுடையது எது, அந்நியம் எது என்று அத்தற்காப்பு அணுக்கள் பிரித்தறியத் துணைபுரிபவை எச்.எல்.ஏ. எனப்படும் புரதங்கள். அவற்றை ஆக்கும் ஜீன்கள் ஆறாவது குரோமோசோமில் உள்ளன. ஐரோப்பியரிடையே டி.ஆர். 3, டி.ஆர். 4 என்னும் வகைகள் நோயுடன் மிகுந்த தொடர்புடையன. சீனரிடையே டி.ஆர். 3 உடன் டி.ஆர். 9 முதன்மை பெறுகிறது, டி.ஆர். 4 இன் உட்பிரிவுகளுள் சில நோய்க்கு இடங்கொடுக்க, வேறு சில காப்பாக நிற்கின்றன. இந்தியரிடையே டி.ஆர். 3 தலைமை பெறினும், அதனைச் சூழ்ந்த ஜீன் தொடர் பெரும்பாலும் ஐரோப்பியருடையதினின்றும் வேறானது.

சீனரைப் பற்றிய செய்தி நமக்கெதற்கு என வினவலாம். கொல்கத்தா லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழரும் வங்காளியரும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றனர். அந்நகரின் தாங்ராவில் சீன வமிசத்தார் உளர். ஓரினத்தாரிடம் கண்ட அடையாளத்தை மற்றோரினத்தார்க்கு அப்படியே சட்டமாக்கலாகாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

அன்றியும், அடையாளம் வேறு, நோய் வேறு. இவ்வகை ஜீன்களை உடையோரில் மிகப் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர். ஒரே கருவிற் பிறந்த இரட்டையருள் ஒருவர் நோயுற, மற்றவர் நலமாயிருத்தலும் உண்டு. நோயுறும் குழந்தைகளுள் பெரும்பாலோரின் பெற்றோர்க்கு இந்நோய் இருப்பதில்லை. ஆகவே குலத்தைப் பழித்தல் அநீதி மட்டுமன்று, விஞ்ஞானத்துக்கும் புறம்பானது.

உலகச் சுகாதார நிறுவனத் திட்டத்தின்கீழ்த் திரட்டப்பட்டு 2000இல் வெளியான கணக்கின்படி, 14 வயது வரையுள்ள லட்சம் சிறாரில் ஆண்டுதோறும் புதிதாக நோயுற்றோர் பின்லாந்தில் 36 பேருக்கு மேல். சீனாவின் சில பகுதிகளில் ஒருவருக்கும் குறைவு. எனினும், அரிது என்பதற்காக அயர்ந்திருத்தல் ஆபத்தானது.

மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், திடீர் மெலிவு ஆகியவை ஒரு குழந்தையிடம் தோன்றின், குலம் கோத்திரம் விசாரியாது, அன்றே இரத்தச் சர்க்கரையைச் சோதிக்கச் செய்தல் வேண்டும். தாமதித்தால் சில நாட்களிலேயே உயிருக்கு ஊறு நேரலாம். இன்சுலின் தவறாது கிடைப்பின் அக்குழந்தை பிறரைப் போலவே கல்வி கற்கும். ‘நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மை’ என்னும் தொடர் நீண்டதாயினும் உண்மையானது. ஊழியர்களும் ஆசிரியர்களும் அதனையே வழங்குவாராக.