கொட்டை எழுத்தில் பழி. பொடி எழுத்தில் விடுதலை!



உங்களிடம் ஒரு கேள்வி. 2020 மார்ச் கடைசியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸைப் பற்றி வந்த செய்திகள் நினைவில் இருக்கின்றனவா? கண்டிப்பாக இருக்கும். நாட்டில் யாருக்குத்தான் அது மறந்திருக்கும்?

இன்னொரு கேள்வி. அதே மர்கஸ் விவகாரத்தில் 70 இந்தியர்கள் மீது போடப்பட்டிருந்த 16 வழக்குகளை 2025 ஜூலை 17 அன்று டெல்லி உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வெளிநாட்டு ஜமாஅத்தினருக்குத் தங்க இடம் கொடுத்தார்கள் என்பதுதான் அவர்கள் மீதான குற்றச்சாட்டு. அந்தச் செய்தியை எந்தப் பத்திரிகையில், எத்தனையாவது பக்கத்தில் படித்தீர்கள்? எந்தத் தொலைக்காட்சியில், எத்தனை மணி நேரம் விவாதம் நடந்தது?

பதில் சொல்லச் சிரமப்படுகிறீர்கள் அல்லவா? அந்தச் சிரமத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது என்ன?

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 2020 மார்ச் 13 அன்று மத்திய சுகாதார அமைச்சகம், கொரோனா ஒரு சுகாதார அவசர நிலை அல்ல என்று சொன்னது. நாடாளுமன்றம் மார்ச் 23 வரை நடந்தது. அதே 23ஆம் தேதி இரவு போபாலில் சிவராஜ் சிங் சௌகான் முதல்வராகப் பதவியேற்றார். மறுநாள் இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நான்கு மணி நேர அவகாசத்தில் நாடே முடக்கப்பட்டது. ரயில் இல்லை, பஸ் இல்லை, விமானம் இல்லை. கோடிக்கணக்கான மக்கள் இருந்த இடத்திலேயே சிக்கிக் கொண்டனர். மர்கஸில் இருந்தவர்களும் அப்படித்தான்.

அந்த நேரத்தில் அவ்வளவு பேர் கூடியிருக்கலாமா? டெல்லி அரசு கூட்டங்களுக்குக் கட்டுப்பாடு விதித்த உடனேயே அவர்களை ஊருக்கு அனுப்பியிருக்க வேண்டாமா? கேட்கலாம். அது நியாயமான கேள்வி. எந்த இயக்கமும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதல்ல. ஆனால் தகவல் சாதனங்கள் கேட்டது அந்தக் கேள்வியை அல்லவே! 'கொரோனா ஜிஹாத்' என்றார்கள். நோயைத் திட்டமிட்டுப் பரப்ப வந்த கூட்டம் என்றார்கள். கவனக்குறைவு என்று விமர்சிப்பது வேறு, சதி என்று பழி சுமத்துவது வேறு. ஒரு வைரஸுக்கு மதம் பார்த்துத் தொப்பி மாட்டிய அநியாயம் இந்த நாட்டில் பட்டப்பகலில் நடந்தது.

தமிழகமும் இதற்குத் தப்பவில்லை. ஒவ்வொரு மாலையும் 'டெல்லி மாநாடு', 'டெல்லி மாநாடு' என்றே கணக்கு வாசிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே சுகாதாரத் துறை வார்த்தையை மாற்றிக் கொண்டது. நோய்க்கு மதச் சாயம் பூச வேண்டாம் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஏப்ரல் தொடக்கத்தில் கேட்டுக் கொண்டார். மத்திய அரசும் ஏப்ரல் 8 அன்று, எந்தச் சமூகத்தையும் நோயோடு சேர்த்துப் பேசக் கூடாது என்று அறிவுரை வெளியிட்டது. ஆனால் அதற்குள் விஷம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்துவிட்டது.

விளைவு? வடமாநிலங்களில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகளின் பெயரைக் கேட்டுத் தள்ளுவண்டிகளை விரட்டினார்கள். இமாச்சலப் பிரதேசத்தின் உனா மாவட்டத்தில் ஒரு சகோதரர் ஜமாஅத்தினரோடு பழகினார் என்பதற்காகப் பரிசோதிக்கப்பட்டார். நோய் இல்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் ஊராரின் ஏச்சும் பேச்சும் ஓயவில்லை. அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். மார்க்கம் தடுத்த முடிவு அது. என்றாலும், அந்த ஏச்சுக்குச் சொற்களைத் தயாரித்துக் கொடுத்தவர்கள் யார்? ஸ்டுடியோக்களில் கோட்டு, டையோடு உட்கார்ந்திருந்தவர்கள் அல்லவா?

நீதிமன்றங்கள் சொன்னது என்ன?

2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 31 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை முடித்து வைத்து, அவர்கள் தாயகம் திரும்ப வழி செய்தது. ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அதோடு நிற்கவில்லை. இவர்களுக்கு எதிராகப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பெரும் பிரச்சாரம் நடத்தின என்றும், இவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டிருக்கலாம் என்றும் நீதிபதிகள் நளவாடே, செவ்லிகர் ஆகியோரின் அமர்வு வெளிப்படையாகக் குறிப்பிட்டது.

டெல்லியில் 900க்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. பெரும்பாலோர் சிறு குற்றங்களை ஒப்புக் கொண்டு, அபராதம் கட்டி ஊருக்குப் போனார்கள். பிள்ளைகுட்டிகளைப் பிரிந்து அந்நிய நாட்டில் மாதக் கணக்கில் கிடப்பவன் வேறு என்ன செய்வான்? 44 பேர் மட்டும் வழக்கைச் சந்திப்போம் என்று நின்றார்கள். அவர்களில் 8 பேர் ஆகஸ்டிலேயே விடுவிக்கப்பட்டனர். மீதி 36 பேரும் 2020 டிசம்பர் 15 அன்று விடுதலை ஆனார்கள். நின்று போராடிய ஒருவர் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை!

இது மர்கஸ் விவகாரத்தில் மட்டும் நடந்ததல்ல. 2002 செப்டம்பரில் குஜராத் அக்ஷர்தாம் கோயிலில் கொடூரமான தாக்குதல் நடந்தது. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட 6 முஸ்லிம்களில் 3 பேருக்குத் தூக்கு. அந்த 6 பேரையும் உச்ச நீதிமன்றம் நிரபராதிகள் என்று விடுவித்த நாள் எது தெரியுமா? 2014 மே 16. நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியான அதே நாள்! தேர்தல் வெற்றியின் வெடிச் சத்தத்தில், தூக்குமேடையிலிருந்து மீண்டவர்களின் செய்தி யார் காதில் விழுந்திருக்கும்? அது தற்செயலாக அமைந்த தேதி என்றே வைத்துக் கொள்வோம். மறுநாளோ, அடுத்த வாரமோ அந்தத் தீர்ப்பைப் பற்றி விவாதிக்க நேரமே கிடைக்கவில்லையா?

வியாபாரக் கணக்கு

இதை வெறும் வெறுப்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. இதில் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. நிருபரை ஊருக்கு அனுப்பி, விசாரித்து, ஆவணம் தேடி ஒரு செய்தி சேகரிக்கப் பணம் வேண்டும், நாட்கள் வேண்டும். நான்கு பேரை உட்கார வைத்துக் கத்த விட அவ்வளவு செலவில்லை. கத்தினால் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்தால் டி.ஆர்.பி. ஏறும். டி.ஆர்.பி. ஏறினால் விளம்பரம் வரும். பழி என்பது விற்பனைக்கு ஏற்ற சரக்கு. விடுதலை விற்காத சரக்கு. கடைக்காரன் எதை முன்னால் வைப்பான்?

முதலாளிகள் யார் என்பதையும் பாருங்கள். 2014இல் நெட்வொர்க் 18 குழுமம் ரிலையன்ஸ் வசமானது. 2022 டிசம்பரில் என்.டி.டி.வி. அதானி குழுமத்தின் கட்டுப்பாட்டுக்குப் போனது. துறைமுகம், மின்சாரம், தொலைபேசி என்று அரசின் அனுமதியை நம்பித் தொழில் செய்பவர்கள் கையில் செய்தியும் இருந்தால், அரசைக் கேள்வி கேட்கும் துணிவு எங்கிருந்து வரும்? ஆள்பவர்களை நோக்கிப் போக வேண்டிய விரல், ஆளில்லாதவர்களை நோக்கித் திரும்பும். 2020 மார்ச்சில் சோறும் தண்ணீரும் இன்றி நெடுஞ்சாலையில் நடந்த லட்சக்கணக்கான தொழிலாளர்களைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரத்தில் மர்கஸைக் காட்டினார்களே, யாருக்கு லாபம்?

தட்டிக் கேட்க வழி உண்டா?

உண்டு. பலமில்லாத வழிதான், ஆனாலும் உண்டு. அச்சுப் பத்திரிகை என்றால் இந்தியப் பத்திரிகை கவுன்சில். முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். நியாயம் கிடைக்காவிட்டால், நாளேடு, வார ஏடு எனில் செய்தி வந்த 2 மாதத்துக்குள் கவுன்சிலுக்குப் புகார் அனுப்ப வேண்டும். கவுன்சிலால் கண்டிக்கத்தான் முடியும், தண்டிக்க முடியாது.

தொலைக்காட்சி எனில், சேனல்கள் தாமே அமைத்துக் கொண்ட ஒளிபரப்புத் தர ஆணையம் இருக்கிறது. ஒளிபரப்பான 7 நாட்களுக்குள் முதலில் சேனலுக்குப் புகார் அனுப்ப வேண்டும். பதில் திருப்தி இல்லையெனில் ஆணையத்தை அணுகலாம். அதில் உறுப்பினராக இல்லாத சேனலை அந்த ஆணையம் ஒன்றும் செய்ய முடியாது. 2023இல் அதன் அதிகபட்ச அபராதமே 1 லட்சம் ரூபாயாகத்தான் இருந்தது. இந்தத் தொகை போதுமா என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே கேட்டது.

ஆனாலும் சும்மா இருக்காதீர்கள். மர்கஸ் செய்திகளுக்காக 2021 ஜூனில் இரண்டு கன்னட சேனல்களுக்கு அபராதம் விழுந்தது. ஒன்றுக்கு 1 லட்சம், மற்றொன்றுக்கு 50 ஆயிரம். யாரோ சிலர் உட்கார்ந்து, தேதி குறித்து, நேரம் குறித்துப் புகார் எழுதியதால் அது நடந்தது. 2024 பிப்ரவரியில் 'லவ் ஜிஹாத்' என்று கதை கட்டிய நிகழ்ச்சிகளுக்காக இரண்டு இந்தி சேனல்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இன்னொன்று எச்சரிக்கப்பட்டது. அந்த வீடியோக்களை நீக்கவும் உத்தரவானது. அதற்குப் பின்னால் இருந்தது ஒரு தனி மனிதரின் விடாப்பிடியான புகார்! ஒரு மனிதரால் முடிந்தது, ஊருக்கு ஊர் மஹல்லா ஜமாஅத்தும் இயக்கக் கிளைகளும் வைத்திருக்கும் நம்மால் முடியாதா?

நம் பங்கு என்ன?

சகோதரர்களே! கசப்பான சில உண்மைகளையும் பேசித்தான் ஆக வேண்டும். நம்மைத் தூற்றும் ஏடுகளை முதல் ஆளாகக் காசு கொடுத்து வாங்குவது யார்? அவற்றுக்குப் பெருநாள் விளம்பரம் கொடுக்கும் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் பிரியாணிக் கடையும் யாருடையவை? 1882லேயே கொழும்பில் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' நடத்திய பாரம்பரியம் தமிழ் முஸ்லிம்களுக்கு உண்டு. ஆனால் நம் ஏடுகளுக்குச் சந்தா கேட்டால் மட்டும், 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்கிறோம்.

இன்னொன்று. செய்தி ஒன்று வந்தால் தீர விசாரித்துக் கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆனால் கையில் செல்போன் வந்ததும் என்ன செய்கிறோம்? வந்ததை வந்தபடி அடுத்தவருக்குத் தள்ளி விடுகிறோம். நம் மீது பொய் பரப்புவதைக் கண்டிக்கும் நாம், பிறரைப் பற்றிய பொய்யைப் பரப்பினால் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்குமா? நம்மவர் யாராவது குற்றம் செய்தால் மூடி மறையுங்கள் என்றும் நாம் கேட்கவில்லை. செய்தவனுக்குத் தண்டனை கிடைக்கட்டும். ஆனால் அவன் பெயரைப் போடுங்கள், சமுதாயத்தின் பெயரைப் போடாதீர்கள் என்கிறோம்.

ஒவ்வொரு ஊரிலும் மூன்று இளைஞர்கள் முன்வரட்டும். அவதூறு வரும்போது தேதி, நேரம், பக்கம் அனைத்தையும் குறித்து வைக்கட்டும். குறித்த காலத்துக்குள் புகார் எழுதட்டும். விடுதலைத் தீர்ப்புகளின் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து, ஜும்ஆவுக்கு வருவோரிடமும் அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவ சகோதரர்களிடமும் கொடுக்கட்டும். வியாபாரிகள் விளம்பரம் கொடுக்கும் முன், 'அன்று எங்களைப் பற்றி எழுதினீர்களே, தீர்ப்பு வந்ததை எழுதினீர்களா?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். கடைக்காரனுக்குப் புரியும் மொழி அதுதான்.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் சலுகை கேட்கவில்லை. எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் குற்றம் சாட்டினீர்களோ, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் விடுதலையையும் போடுங்கள். பத்திரிகா தர்மம் என்று நீங்கள் சொல்வதும் அதைத்தானே?

இன்னொரு பழி வரும்போது நாம் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. ஆவணத்தோடு நிற்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், நிற்போம்.

வஸ்ஸலாம்.