பிள்ளை பெற்றவளுக்குப் பேயா? நோயா?

நம் ஊர்களில் பிள்ளை பெற்ற ஒரு பெண் காரணமில்லாமல் அழுதாலும், குழந்தை தூங்கும்போதும் தான் தூங்காமல் கிடந்தாலும், குழந்தையைக் கையில் வாங்க மறுத்தாலும், வீட்டார் சொல்லுவது என்ன? “காற்றுச் சேஷ்டை பிடித்துக்கொண்டது” என்பார்கள். அல்லது “பெற்ற பிள்ளையிடம் பாசமில்லாத கல்நெஞ்சக்காரி” என்பார்கள். முதலாவதற்குப் பூசாரியின் வேப்பிலையடி; இரண்டாவதற்கு மாமியாரின் சொல்லடி. வைத்தியம் மாத்திரம் கிடையாது.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். பிரசவமானதும், கர்ப்ப காலத்தில் மிகுந்திருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புகள் சில நாட்களுக்குள் திடீரென்று குறைந்துவிடுகின்றன. அத்துடன் வலியும், தூக்கமின்மையும், புதிய பொறுப்பின் பயமும் சேருகின்றன. ஆகவே தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல் வாரத்தில் கலங்குவது சகஜம். அது இரண்டு வாரத்தில் தானே நீங்கும். அதற்கு மேலும் துக்கமும், பயமும், “நான் தாயாக இருக்க லாயக்கற்றவள்” என்ற எண்ணமும் நீடித்தால், அது நோயேயாகும். 1000 தாய்மாரில் ஒருவர் இருவருக்குச் சித்தப் பிரமையே உண்டாகும். இல்லாத குரல் கேட்கிறது என்றாலும், சாகவோ குழந்தையைக் கொல்லவோ எண்ணம் வருகிறது என்றாலும், ஒரு நாளும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

வேலூரையடுத்த கிராமங்களில் நடத்தப்பட்டு 2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், பிள்ளை பெற்றவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இந்நோய் காணப்பட்டது. யாருக்கு அதிகம்? வறுமைப்பட்டவளுக்கு, ஆண் வேண்டுமென்றிருக்கப் பெண்ணைப் பெற்றவளுக்கு, மாமியாரோடோ பெற்றோரோடோ மனஸ்தாபமுள்ளவளுக்கு, கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்லாதவளுக்கு. இதில் எந்தப் பேயின் பெயர் இருக்கிறது என்று கேட்கிறோம். இவ்வளவும் மனிதர் செய்யும் கொடுமையல்லவா? அதிலும் பிறப்பது ஆணா பெண்ணா என்பது தகப்பனின் வித்தைப் பொறுத்தது என்று விஞ்ஞானம் சொல்லியிருக்க, பழியைத் தாயின் தலையில் சுமத்துவது எந்த நியாயம்?

வெளியில் பெண்ணுரிமை பேசும் தோழர்களில் எத்தனை பேர் இராத்திரியில் அழும் குழந்தையை ஒரு மணி நேரம் தோளில் போட்டுக்கொண்டிருக்கிறோம்? பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்றுதானே இருக்கிறோம்? எனவே, அவளைத் தூங்க விடுங்கள்; வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள்; “உன் மனம் எப்படியிருக்கிறது?” என்று கேட்டு, சொல்லுவதைக் கண்டிக்காமல் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் குறையவில்லையானால் கிராமச் செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். 2022 முதல் சர்க்கார் நடத்தும் டெலி மனஸ் என்னும் 14416-க்கும் போன் செய்யலாம். ஆலோசனையாலும், பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மருந்தாலும் குணமாகக்கூடிய நோய் இது.

தாயத்துக்குச் செலவழிக்கும் பணத்தை வைத்தியரிடம் போகும் பஸ் செலவுக்கு வையுங்கள். ஒரு தாயும் ஒரு குழந்தையும் பிழைப்பார்கள்.