கார்போகரிசிக்குத் தமிழில் பெயர் உண்டு

முதுமையின் அடையாளங்களை நரை, திரை, மூப்பு என்று தமிழர் வகுத்துரைத்தனர். மயிர் வெளுப்பது நரை. தோல் சுருங்குவது திரை. உடல் தளர்வது மூப்பு. கடலின் அலைக்கும் திரை என்றே பெயர். அலை மடிவது போலத் தோல் மடிவதைக் கண்டு அச்சொல்லை ஆண்ட இனத்தின் பெண்மக்கள், இன்று அத்திரையை நீக்குவதாகச் சொல்லும் களிம்புகளை வாங்கும்போது, புட்டியின் மேல் ஒரு தமிழ்ச்சொல்லைக் காண்பது அரிதாயிற்று. உள்ளே இருப்பது தமிழ்நிலத்தார் வழிவழியாக ஆண்டுவந்த மூலிகை. வெளியே இருப்பதோ அயற்பெயர்.

சான்றுக்குக் கார்போகரிசி ஒன்றே போதும். சிறு விதைகளை அரிசி என்பது தமிழ் வழக்கு. ஏலவரிசி, வெட்பாலையரிசி, மூங்கிலரிசி என்னும் வரிசையில் வருவது கார்போகரிசி. நாட்டுமருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கும் கரிய சிறு விதை அது. சொறி, படை, கரப்பான், வெண்புள்ளி முதலிய தோல்நோய்களுக்குச் சித்த மருத்துவர் அதனைப் பயன்படுத்துவர். பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கத்தூரி மஞ்சள், பச்சைப்பயறு ஆகியவற்றோடு நலங்குமாவிலும் அது சேரும்.

இவ்விதையிலிருந்து ஒரு பொருளை 1966-இல் இந்திய வேதியலறிஞர்கள் பிரித்தெடுத்தனர். செடியின் சமற்கிருதப் பெயரான பாகுச்சி என்பதைக்கொண்டு அதற்குப் பாகுச்சியோல் என்று பெயரிட்டனர். உயிர்ச்சத்து ஏ-இன் வகையான ரெட்டினால், திரை நீக்கும் களிம்புகளில் நெடுங்காலமாகச் சேர்க்கப்பெறுவது. 2019-இல் பிரித்தானியத் தோல் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று இவ்விரண்டையும் ஒப்பிட்டது. 44 பேர் 12 கிழமைகள் பூசிப் பார்த்ததில், திரையையும் கருந்திட்டையும் குறைப்பதில் இரண்டும் ஏறத்தாழ ஒத்தே நின்றன. தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் பூசியவர்க்கே மிகுதி. ஆய்வு சிறியதுதான். ஆயினும் விலையுயர்ந்த களிம்புப் புட்டிகளில் பாகுச்சியோல் என்னும் பெயர் உலகெங்கும் ஏறிவிட்டது. அது கார்போகரிசியின் சத்து என்பதைத் தமிழருள் அறிந்தோர் எத்தனை பேர்?

இஃது வெறும் பெருமைக் கணக்கன்று. அதே விதையில் சோரலென் என்னும் வேறொரு பொருளும் உண்டு. அது தோலிற் பட்டபின் வெயில் பட்டால் தோல் சிவந்து கொப்புளிக்கும், கருமை படரும். வெண்புள்ளி நோய்க்கு அவ்விதை பயன்படுவதற்கும் அப்பண்பே கரணியம். அவ்விதையை உள்ளுக்கு உண்டவர் சிலர்க்குக் கல்லீரல் கெட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. நன்கு தூய்மை செய்த பாகுச்சியோல் வேறு. இடித்த கார்போகரிசித் தூள் வேறு. நலங்குமாவில் அதனைச் சிறிதளவே சேர்த்து, பூசிய சற்று நேரத்திற்குள் கழுவிவிட்ட முன்னோர் வழக்கில் ஒரு காப்பு இருந்தது.

இப்போது எண்ணிப் பார்க்க. பாகுச்சித் தூள் என்று பெயரிட்ட பொட்டலத்தை ஒருத்தி வாங்குகிறாள். முகத்தில் திரை நீங்கும் என்று நம்பி, தடிப்பாகப் பூசிக்கொண்டு வெயிலில் நடக்கிறாள். அப்பொட்டலத்தின் மேல் கார்போகரிசி என்று எழுதியிருந்தால், வீட்டிலுள்ள பாட்டியேனும் தெருமுனை நாட்டுமருந்துக் கடைக்காரரேனும் அவளைத் தடுத்திருப்பர். அளவும் பதமும் எச்சரிக்கையும் அப்பெயரோடு ஒட்டி வந்தவை. பெயர் மாறியவுடன் அறிவு அறுந்தது. அறிவு அறுந்தவுடன் தோல் வெந்தது.

வல்லாரையின் நிலையும் இத்தகையதே. தோலைத் தேற்றும் பொருளாக அதன் சாறு இன்று களிம்புகளிற் சேர்க்கப்பெறுகிறது. அதற்குச் சிங்களப் பெயரான கொட்டுகொலை என்பது உலக வணிகத்தில் வழங்குகிறது. வடநாட்டிலோ பிராமி என்னும் ஒரே பெயரால் வல்லாரையையும் சுட்டுவர், நீர்ப்பிரமியையும் சுட்டுவர். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். வல்லாரை, நீர்ப்பிரமி என்று பிரித்துச் சொல்லும் தமிழில் இக்குழப்பத்திற்கு இடமில்லை.

மருந்து வேலை செய்தாற் போதும், பெயர் எம்மொழியில் இருந்தால் என்ன என்பார் உளர். அவர்க்கு மஞ்சள் விடை கூறும். புண்ணாற்றும் பொருளாக மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பெற்றது. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் 32 சான்றுகளோடு வழக்காடியது. சமற்கிருதத்திலும் உருதுவிலும் இந்தியிலும் இருந்த பழைய எழுத்துகள் அவற்றுள் இடம்பெற்றன. 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பெற்றது. எழுத்தில் நிற்கும் பெயரே வழக்குமன்றத்தில் வாய் திறக்கும் என்பது அங்குக் கிடைத்த பாடம். 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்னூலகத்தில் சித்த மருத்துவமும் இடம்பெற்றது இவ்வகையில் நன்று. மருந்துச் சட்டத்தின் முதற் பட்டியலிலும் சித்த நூல்கள் தனியே வரிசைப்படுத்தப்பெற்றுள்ளன. சட்டமே தனியென ஒப்பிய ஒன்றைத் தமிழ்நாட்டு வணிகர் ஆயுர்வேதம் என்னும் ஒரே போர்வைக்குள் மூடுவது என்ன முறை?

அதே வேளை, சுவடியில் உள்ளதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. தமிழ்ப்பெயர் சூட்டிப் பொய் விற்பவனும் பொய்யனே. பத்து நாளில் பதினாறு அகவை என்று விளம்பரம் செய்யும் களிம்பு எம்மொழியில் பேசினாலும் தள்ளத்தக்கது. தோலைத் தாங்கும் நார்ப்புரதத்தைச் சிதைப்பதில் ஞாயிற்றின் புறஊதாக் கதிர்க்கே பெரும்பங்கு உண்டு. குடையும் நிழலும் செய்வதை எந்தக் களிம்பும் முழுதாகச் செய்துவிடாது. புகைபிடிப்பவன் முகத்தில் முந்தி விழும் திரையை எம்மூலிகையும் தடுத்துவிடாது. ஆண்டு பல சென்றும் நரையில்லாமை எதனால் என்று கேட்டவர்க்குப் பிசிராந்தையார் எந்த மருந்தையும் சுட்டவில்லை. மாண்புடைய மனைவியையும் மக்களையும், குறிப்பறிந்து ஒழுகும் ஏவலரையும், முறைசெய்யும் வேந்தனையும், சான்றோர் வாழும் ஊரையும் சுட்டினார். கவலையின்மையே இளமை என்ற அவ்விடை புறநானூற்றில் இருக்கிறது.

ஆகவே செய்யத்தக்கவை சிலவே. தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு மூலிகைப் பூச்சின் மேலும் செடியின் தமிழ்ப்பெயரும் அறிவியற்பெயரும் அளவும் எச்சரிக்கையும் தமிழில் பொறிக்கப்பெறல் வேண்டும். சித்த மருத்துவக் கல்லூரிகள் கார்போகரிசி போன்றவற்றைத் தாமே ஆய்ந்து, நலனும் தீங்கும் ஒளியாமல் தமிழில் வெளியிடல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வேலியோரச் செடிகளின் பெயரையேனும் அறிதல் வேண்டும். வாங்குவோரும் கடையில் ஒரு வினாவைத் தவறாமல் எழுப்புக: இதற்குத் தமிழில் என்ன பெயர்? விடை சொல்ல இயலாதவன் விற்பதைத் தோலில் பூசாதிருப்பதே அறிவு.