களரியில் மூன்று கால்

கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் மருமகன் புதுக் கமராவும் அதற்கேற்ற ட்ரைபொட்டும் கொண்டுவந்திருக்கிறான். ஊருக்குப் பக்கத்தில் ஒரு வடமோடிக் கூத்து அரங்கேறிய இரவு முழுக்க நித்திரை விழித்துப் படம் எடுத்தான். மறுநாள் முகம் வாடி வந்தான்.

“ஸ்டாண்ட்ல வெச்சித்தானே மாமா எடுத்த நான், மறுகா ஏன் எல்லாம் கலங்கி வந்திரிக்கி?”

படங்களைப் பார்த்தேன். பந்தல் கம்பு, கம்பில் கட்டிய கயிறு, கயிற்றின் முடிச்சு எல்லாம் கண்ணாடி போலத் தெளிவு. நடுவில் அரசன் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு புகை. ட்ரைபொட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கமராவை ஆடாமல் பிடித்துவைப்பது அதன் வேலை. அரசனை ஆடாமல் பிடித்துவைக்க அதனால் முடியாது.

படம் கலங்குவதற்குக் காரணம் இரண்டு: எடுப்பவரின் கை நடுங்குவது ஒன்று, எடுக்கப்படுபவர் அசைவது மற்றது. முதலாவதற்குப் பழைய கணக்கொன்று உண்டு. 50 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் குறைந்தது 1/50 செக்கன், 200 என்றால் 1/200. ஸ்டாண்டில் வைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. கெனன் நிறுவனம் 1995இல் குலுக்கல் தடுப்புள்ள லென்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு கையிலும் அந்தக் கவலை பெரிதாகக் குறைந்துவிட்டது. இரண்டாவது காரணத்துக்கு ஸ்டாண்டும் மருந்தில்லை, குலுக்கல் தடுப்பும் மருந்தில்லை. ஷட்டரின் வேகம் ஒன்றுதான் மருந்து. செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்தில் வீசப்படும் ஒரு கை, 1/8 செக்கனில் 25 சென்ரிமீற்றர் தூரம் போய்விடும். 1/500 செக்கனில் அதே கை 4 மில்லிமீற்றர்தான் நகரும். கமரா கையில் இருந்தாலும் கல்லில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மருமகன் வைத்திருந்தது 1/8. ட்ரைபொட்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஐ.எஸ்.ஓ.வை 100இல் இறக்கி, ஷட்டரைத் தூங்கவிட்டிருக்கிறான். மலையையும் கோபுரத்தையும் எடுக்கிறவர்களுக்குச் சொல்லப்பட்ட புத்தி அது. ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றி, லென்ஸை எஃப் 2.8க்குத் திறந்து, 1/250க்கு மேல் போயிருந்தால் படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்திருக்கும். புள்ளி விழுந்த அரசன் புகையாகிப்போன அரசனைவிட எவ்வளவோ மேல். 1878இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் எட்வெர்ட் மைபிரிட்ஜ் குதிரை ஓடும் பாதையின் ஓரமாக 12 கமராக்களை வரிசையாக, அசையாமல் நிறுத்தினார். அங்கேயும் குதிரையின் கால்களைப் பிடித்துத் தந்தது கமராக்கள் நின்ற உறுதியல்ல, அவற்றின் ஷட்டர் வேகம்தான்.

இது இயந்திரத்தின் பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய வழக்கு, அந்த மூன்று கால்கள் ஊன்றிய இடத்தைப் பற்றியது.

எங்கள் மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரிக்குரியது. மண்ணை வட்டமாக உயர்த்தி, நடுவில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, சுற்றிவர எல்லாப் பக்கமும் சனம். ஆட்டக்காரர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து ஆடுவதில்லை. கூடுபோல விரிந்த கரப்புடுப்புச் சுழலச் சுழலக் களரியைச் சுற்றிவந்து எல்லாருக்கும் முகம் காட்டுவார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ‘கர்ணன் போர்’ மேடையேற்றியபோது இந்தக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குள் கொண்டுபோனார். அங்கே பார்வையாளர் ஒரு பக்கம், ஆடுபவர் மறு பக்கம். அந்த மேடைக்கு ட்ரைபொட் பொருந்தும். நடு வரிசையில் நட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். வட்டக்களரியில் நட்டால், ஆட்டக்காரரின் முகம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். மிச்ச நேரம் முதுகு. எடுப்பவரும் களரியைச் சுற்ற வேண்டும், குந்த வேண்டும், எழும்ப வேண்டும். கமரா கையில் இருந்தால்தான் இது நடக்கும்.

கையில் இருந்தால் மட்டும் போதாது, காதும் வேண்டும். மத்தளத்தைக் கேட்டுக்கொண்டு எடுப்பவருக்கு, தாளக்கட்டு எங்கே முடியும், ஆட்டக்காரர் எந்த இடத்தில் ஒரு கணம் நிலைகொள்வார் என்பது முன்னமே தெரிந்துவிடும். துள்ளி எழும்பிய உடம்பு கீழே இறங்கத் தொடங்குமுன் ஒரு நொடித் துணுக்கு அந்தரத்தில் நிற்கும். அந்த இடத்தில் அழுத்தினால் 1/125கூடப் போதும். தாளம் தெரியாதவர் 1/1000இல் எடுத்தாலும் கால் தூக்கிய அரைகுறைப் படம்தான் மிஞ்சும். கூத்துப் படம் எடுக்க ஆசைப்படும் பொடியன்மாருக்கு நான் சொல்வது, சதங்கை அணிவிழாவுக்கு முன் நடக்கும் ஒத்திகைகளில் கமரா இல்லாமல் போய் உட்காருங்கள் என்பதே. சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ கிடைத்தால் அதையும் படியுங்கள்.

ட்ரைபொட்டை முழுக்கத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துக் களுதாவளைக்கு மேற்கே வாவி கிடக்கிறது. விடியலில் கரையோரத்து மீன்கொத்தி பாயும்வரை 600 மில்லிமீற்றர் லென்ஸைக் கையில் ஏந்தி நிற்பது நாரி முறிகிற வேலை. அங்கே ஸ்டாண்ட் தேவை. ஆனால் தலையை இறுக்கிப் பூட்டாமல், பறவையோடு திரும்பக்கூடியதாகத் தளர்த்தி வைக்க வேண்டும். எங்கள் மணலில் கால்களை அமத்தி ஊன்றாவிட்டால் மெல்ல மெல்லப் புதையும். தோணியில் ஏறினால் அதுவும் உதவாது. தோணி ஆட ஸ்டாண்டும் ஆடும், உடம்பு மட்டும்தான் ஆட்டத்தை வாங்கிக்கொள்ளும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், தானே பூட்டிச் செய்த பாரமான கமராவோடு யானை முதுகில் ஏறிக் காட்டு யானைகளை எடுத்தவர். யானை முதுகில் மூன்று காலை எங்கே ஊன்றுவது?

களரிக்குத் திரும்பினால், அங்கே இன்னொரு கட்சியும் இருக்கிறது. பின்னேரமே பாய் கொண்டுவந்து இடம் பிடித்த பெத்தாமார். அவர்களுக்கு முன்னால் ஒரு ஸ்டாண்டை விரித்து, அதற்குப் பின்னால் ஒரு ஆள் விடியும்வரை நின்றால் அவர்கள் எதைப் பார்ப்பது? பேரன் மகாராசாவாக வருகிற வரவை ஒருவரின் இடுப்புப் பட்டிக்கு இடையால் எட்டிப் பார்க்க அவர்கள் வரவில்லை.

கூத்து நடத்தும் கோயில் நிர்வாகத்தினரும் கழகத்தினரும் அரங்கேற்றத்துக்கு முன்னமே இதை அறிவித்துவிட வேண்டும்: வீடியோ பதிவுக்கு ஒரே ஒரு ட்ரைபொட், அதுவும் கடைசி வரிசைக்குப் பின்னால், ஒரு வாங்கின் மேல் உயர்த்தி. படம் எடுக்க வரும் மற்றவர்கள் ஸ்டாண்டை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.